சின்னப் பிள்ளைகளோடு யாழ்ப்பாணப் பட்டணமும் சந்தையும்

வெளிநாட்டில் இருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடும்பமாகப் போகிறவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர் வீடுகளிலேயே நாட்களை முடித்துவிடுகிறோம். பிள்ளைகள் ஒவ்வொரு விறாந்தையிலும் இருந்து சோடா குடித்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். இரண்டு அரை நாட்களையாவது பட்டணத்துக்கும் சந்தைக்கும் ஒதுக்கி வையுங்கள். நாங்கள் 7 வயது மகளோடும் 4 வயது மகனோடும் போய் வந்தோம். அவர்கள் இன்றைக்கும் திரும்பத் திரும்பப் பேசுவது சந்தையைத்தான்.

காலை 7 மணிக்கு வெளிக்கிட்டு 10 மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுங்கள். அடுத்து வெளியே போவது பின்னேரம் நாலரைக்குப் பிறகு. முதல் நாள் நாங்கள் 11 மணிக்குப் போய் இறங்கினோம். மகன் வெயில் தாங்காமல் பஸ் நிலையத்துக்கு முன்னால் சத்தி எடுத்தான். அன்றைய நாள் அதோடு முடிந்தது. தொப்பியும் போத்தல் தண்ணீரும் கட்டாயம் வேண்டும். கிணற்றுத் தண்ணீர் நாங்கள் குடித்து வளர்ந்ததுதான், ஆனால் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை.

தள்ளுவண்டியைக் கொண்டு போகாதீர்கள். கடைச் சாமான்கள் நடைபாதை வரை பரப்பியிருக்கும், சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் இடுக்கெல்லாம் புகுந்து வரும். கைக்குழந்தை என்றால் நெஞ்சோடு கட்டுகிற பைதான் சரி. இன்னொன்று: இங்கே வாகனங்கள் இடப்பக்கம் ஓடும். கனடாவிலோ பிரான்சிலோ வளர்ந்த பிள்ளை பழக்கத்தில் மற்றப் பக்கம் பார்த்துவிட்டு றோட்டில் இறங்கும். கையை விடாதீர்கள்.

முதலில் பட்டணச் சந்தைக்குப் போகாமல், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட இருக்கிற திருநெல்வேலிச் சந்தைக்குப் போங்கள். காலையில் தோட்டத்து மரக்கறி வந்து இறங்குகிற இடம். முருங்கைக்காய்க் கட்டு, கீரைப்பிடி, பூசணிக்காய் என்று எல்லாம் பிள்ளையின் கண் மட்டத்திலேயே இருக்கும். வாழைப்பழத்தில் மட்டும் கதலி, கப்பல், இதரை என்று காட்டலாம். சுப்பர் மார்க்கெட்டில் ஒரே ஒரு வாழைப்பழத்தைத்தான் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். மூன்றையும் வாங்கி, அங்கேயே ஓரமாக நின்று ஒவ்வொன்றாகச் சாப்பிட விடுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெய்து செய்யுங்கள். பிள்ளையின் கையில் 100 ரூபாய்த் தாள் சிலதைக் கொடுத்து, அவர்களையே வாங்க விடுங்கள். போவதற்கு முதல் வீட்டிலேயே மூன்று வசனம் பழக்கினால் போதும்: 'இது என்ன?', 'கிலோ என்ன விலை?', 'கால் கிலோ தாங்கோ.' பிறகு நீங்கள் இரண்டு அடி பின்னால் நில்லுங்கள். மொழிபெயர்க்காதீர்கள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற என் மகள், அன்னமுன்னாப் பழத்தைக் காட்டி 'இது என்ன?' என்றாள். கடையில் இருந்த அம்மா பெயரைச் சொல்லி, அவள் சரியாகச் சொல்லும் வரைக்கும் திருப்பிச் சொல்ல வைத்து, பிறகுதான் நிறுத்துத் தந்தார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இத்தனை வருடத்தில் நான் காணாத ஒரு சந்தோசத்தை அவள் முகத்தில் அன்றைக்குக் கண்டேன். 5000 ரூபாய்த் தாளை மட்டும் நீட்டாதீர்கள், காலையில் மாற்றிக் கொடுக்க அவர்களிடம் காசு இருக்காது. கீரைக்கட்டு விற்கிற ஆச்சியிடம் பிள்ளைக்கு முன்னால் பேரம் பேசாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

மற்ற நாள் காலை பட்டணம். பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைத்தெருவில் பனம்பொருட்களைத் தேடுங்கள். சாயம் போட்ட ஓலைப்பெட்டி ஒன்றை வாங்கிப் பிள்ளையின் தோளில் மாட்டிவிட்டால் மிச்சச் சாமானை அவர்களே சுமப்பார்கள். நீத்துப்பெட்டி வாங்கினால் அன்றிரவே அதில் புட்டு அவித்துக் காட்டச் சொல்லுங்கள். பனங்கட்டி எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புளுக்கொடியல். புளுக்கொடியல் கல்லு மாதிரி இருக்கும், தொண்டையில் சிக்கும், நாலு வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம். அவுஸ்திரேலியாவுக்குத் திரும்புகிறவர்கள் இந்த உணவுச் சாமான்களை விமான நிலையத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டும்.

கழிப்பறைக்கு வீட்டிலேயே போய்விட்டு வருவது நல்லது. அவசரம் என்றால் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் கடைத்தொகுதி இருக்கிறது, குளிரூட்டியும் உண்டு. போதனா வைத்தியசாலையும் அதே வீதியில்தான். இலவச அம்புலன்ஸுக்கு 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

பின்னேரத்துக்கு நூலகமும் கோட்டையும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். நூலகத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், பார்வையாளர் நேரத்தை வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைக் கட்டடம், முன்னால் சரஸ்வதி சிலை. 1981இல் இது எரிக்கப்பட்டதைப் பிள்ளைக்குச் சொல்லலாமா என்று நானும் யோசித்தேன். சொன்னேன். சுமார் 97,000 புத்தகங்கள், திரும்ப எழுத முடியாத ஓலைச்சுவடிகள், எல்லாம் ஓரிரவில் சாம்பலானது, பிறகு இதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள் என்று மட்டும். "ஏன் எரிச்சவை?" என்று கேட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைத்தான் கதைத்தோம். ஏழு வயதுக்கு அது பாரமான கதை. இருந்தாலும் அந்தப் படியில் நின்று சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐந்து மூலைக் கோட்டையாக மாற்றினார்கள். சின்னவர்களுக்கு அந்தக் கதை வேண்டாம். சுவரில் பவளப்பாறைக் கற்கள் இருக்கின்றன, பூப்போன்ற கோலங்களைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள், அரை மணித்தியாலம் போவதே தெரியாது. மதிலுக்கு மேலே ஓரத்தில் தடுப்பில்லை, ஓட விடாதீர்கள். இருட்டத் தொடங்கினால் நுளம்பு வரும். மழைக்காலத்திலும் அதையடுத்த மாதங்களிலும் டெங்கு பரவுகிற ஊர் இது, நுளம்புக் களிம்பு பையில் இருக்கட்டும்.

ஐஸ்கிரீமுக்கு நல்லூர். கோயிலுக்குக் கிட்டவே ரியோ இருக்கிறது. ஆடி, ஆவணி விடுமுறையில் போகிறவர்களுக்கு நல்லூரின் 25 நாள் திருவிழா கிடைக்கலாம். அந்த நாட்களில் கோயிலைச் சுற்றி வாகனம் விடமாட்டார்கள், ஓட்டோவில் இருந்து இறங்கிக் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும். தேரன்றைக்குச் சின்னப் பிள்ளைகளைக் கொண்டு போகாமல், கொடியேறிய முதல் வாரத்தில் ஒரு பின்னேரம் போங்கள். கச்சான் கடை, விளையாட்டுச் சாமான் கடை எல்லாம் ஆறுதலாகப் பார்க்கலாம். பிள்ளையின் பெயரையும் உங்கள் உள்ளூர்த் தொலைபேசி எண்ணையும் ஒரு துண்டில் தமிழில் எழுதி, காற்சட்டைப் பைக்குள் வைத்து ஊசி குத்திவிடுங்கள்.