பழைய பிக்கப் பின்பக்கம் தூக்கி நிக்குதா? பட்டை குறைச்சு இறக்குறது எப்படின்னு பாக்கலாம்

பெங்களூர்ல செகண்ட் ஹேண்ட்ல கை மாறுற பிக்கப் நெறைய பின்பக்கம் தூக்கிக்கிட்டுதான் நிக்கும். காலையில கே.ஆர். மார்க்கெட் பக்கமோ கலாசிபாளையம் பக்கமோ நிக்கிற பழைய பொலிரோ பிக்கப், டாடா 207 எல்லாம் பாத்தா உங்களுக்கே தெரியும். முன்னாடி வெச்சிருந்தவர் எம்-சாண்டு, கிரானைட், கம்பின்னு ஏத்தியிருப்பார், வண்டி உக்காருதேன்னு பட்டறையில விட்டு ரெண்டு பட்டை (பின்பக்க பாரத்தைத் தாங்குற வளைஞ்ச இரும்புத் தகடு, லீஃப் ஸ்பிரிங்) எக்ஸ்ட்ரா போட்டிருப்பார். இப்ப அதே வண்டிய நீங்க வாங்கி பூ ஏத்துறீங்க, இல்ல கேட்டரிங் பாத்திரம், மெத்தை, பந்தல் சாமான் ஏத்துறீங்க. லோடு குறைஞ்சிடுச்சு, பட்டை மட்டும் பழைய லோடுக்கே நிக்குது. அதனால காலி வண்டி ஒவ்வொரு ஹம்ப்லயும் குதிக்கும், மழையில பின் டயருக்குப் பிடிப்பு இருக்காது, பசங்க ஒவ்வொரு அண்டாவையும் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கித்தான் ஏத்தணும். நாள் பூரா தூக்குற பசங்களுக்கு 2 இன்ச் குறைஞ்சாலே இடுப்பு தப்பிக்கும், நான் இத எழுதுறதுக்கு முக்கியமான காரணமே அதுதான்.

ஷோவுக்காக தரையை ஒட்ட இறக்குறது வேற வேலை, அது இங்க இல்ல. வேலைக்குப் போற வண்டிய கம்பெனி குடுத்த உயரத்துக்குத் திரும்பக் கொண்டு வரணும், அதுக்குக் கீழ போகக் கூடாது, இதுல நான் கொஞ்சம் கண்டிப்பு. சட்டமும் அந்தப் பக்கம்தான் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52வது பிரிவுப்படி ஆர்சியில இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் இத உறுதியா சொல்லிடுச்சு. சேஸியை (வண்டியோட அடிச்சட்டம்) வெட்டுறது, ஹவுசிங்கை (பின் ஆக்ஸில் இருக்கிற இரும்புக் கூடு) பட்டைக்கு மேல மாத்திப் போடுறது எல்லாம் இதுல மாட்டும். 8 வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி (ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்) வேற எடுக்கணும். யாரோ ஏத்தின எக்ஸ்ட்ரா பட்டையைக் கழட்டுறது வண்டிய பழைய நிலைக்குக் கொண்டு வர்ற வேலை, அதுல இந்தத் தலைவலி இல்ல.

முதல்ல லோடு கணக்கு

ஆர்சிய எடுங்க. அதுல மொத்த எடை, காலி எடை ரெண்டும் இருக்கும், ரெண்டையும் கழிச்சா வர்றதுதான் நீங்க ஏத்தலாம்னு இருக்கிற எடை. நீங்க நிஜமா ஏத்துற எடை எவ்வளவுன்னும் மனசாட்சியோட கணக்குப் போடுங்க. உதாரணத்துக்கு தண்ணி கேன், பாக்க லேசான பிசினஸ் மாதிரி இருக்கும், ஆனா 20 லிட்டர் கேன் 50 ஏத்தினா தண்ணி மட்டுமே 1 டன் வந்துடும். அப்படிப்பட்டவங்க கம்பெனி பட்டையில ஒண்ணு கூட குறைக்கக் கூடாது.

கம்பெனி பட்டை எத்தனைன்னு எப்படித் தெரியும்? சர்வீஸ் மேனுவல்ல இருக்கும், இல்லன்னா அதே மாடல், அதே வருஷத்து வண்டி கை வைக்காம இருக்கிறதா பாத்து எண்ணுங்க. எக்ஸ்ட்ரா பட்டையைக் கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல: தடிமன் வேறயா இருக்கும், வளைவு மத்ததோட ஒட்டாது, முனை வெட்டியிருக்கிற விதம் கூட வேறயா தெரியும். சில வண்டியில கம்பெனியே ஹெல்ப்பர் பட்டை குடுத்திருப்பாங்க, லோடு ஏறினா மட்டும் போய் தட்டுறது, அத எக்ஸ்ட்ரான்னு நெனச்சு கழட்டிடாதீங்க.

தடிமன்னு சொன்னதும் ஒண்ணு சொல்லணும். பட்டையோட விறைப்பு, தடிமனை மூணு தடவை பெருக்கினா வர்ற கணக்குல ஏறும். 8 மிமீ பட்டைக்கு 8×8×8, அதாவது 512. 10 மிமீக்கு 1000. ரெண்டு மிமீ வித்தியாசத்துக்கே கிட்டத்தட்ட டபுள் விறைப்பு! அதனால ஒரு தடிப் பட்டையைக் கழட்டினாலே வண்டி ஆளே மாறிடும், ரெண்டையும் ஒரே நாள்ல உருவ வேண்டாம், ஒண்ணு கழட்டி ஓட்டிப் பாத்துட்டு அடுத்தத யோசிங்க.

அளவு எடுக்குறது

சமதளமான இடத்துல காலி வண்டிய நிறுத்துங்க, நாலு டயர்லயும் காத்து சரியா இருக்கணும். பின் வீல் ஹப்போட நடுப்புள்ளியிலேர்ந்து நேர் மேல பாடியோட கீழ் விளிம்பு வரைக்கும் டேப் வெச்சு அளந்து எழுதுங்க, ரெண்டு பக்கமும். தரையிலேர்ந்து அளந்தா டயர் காத்துக்கு ஏத்த மாதிரி மாறிடும். அடுத்து வண்டிக்குக் கீழ குனிஞ்சு ஹவுசிங்குக்கும் சேஸியில இருக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் (ஹவுசிங் மேல வந்து நேரா சேஸியில இடிக்காம தடுக்குற ரப்பர்) நடுவுல எவ்வளவு இடைவெளின்னு அளங்க. இந்த இடைவெளிதான் எல்லாத்தையும் தீர்மானிக்கும், இத காலி வண்டியில ஒரு தடவையும் நீங்க வழக்கமா ஏத்துற லோடோட ஒரு தடவையும் எடுக்கணும்.

ஏன்னா பட்டை குறைஞ்சா உயரத்தோட விறைப்பும் குறையும். காலியில 1 இன்ச் இறங்கின வண்டி லோடோட ஒன்றரை இன்ச் இறங்கலாம். லோடுல உங்களுக்கு இருந்த இடைவெளியே இரண்டரை இன்ச்னா மிச்சம் 1 இன்ச்தான், நம்ம ஊரு ஹம்புக்கு அது பத்தாது, ஹவுசிங் போய் ரப்பர்ல இடிக்கும், தொடர்ந்து இடிச்சா சேஸி விரிசல் விடும். அந்த மாதிரி வண்டிய விட்டுடுங்க, இறக்க வேண்டாம்.

கட்டை போட்டு இறக்கலாமா?

யூடியூப் பாத்துட்டு நெறைய பேர் பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவுல இரும்புக் கட்டை போட்டா இறங்கிடும்னு கேக்குறாங்க. கீழ குனிஞ்சு பாருங்க. பட்டை ஹவுசிங்குக்கு மேல உக்காந்திருந்தா நடுவுல கட்டை போட்டா வண்டி இன்னும் தூக்கும், இறங்காது. பட்டை ஹவுசிங்குக்குக் கீழ தொங்குற வண்டியில மட்டும்தான் அது இறக்கும். லோடு வண்டியில நான் ரெண்டையுமே போட மாட்டேன்.

கேஸ் வெச்சு பட்டைக்கு சூடு காட்டி இறக்குறது அதவிட மோசம். பட்டை இரும்புக்கு உயிரே அதோட பதம்தான், ஒரு இடத்துல மட்டும் சூடு காட்டினா அந்த இடத்துல பதம் போயிடும், ரெண்டு மாசத்துல வளையும் இல்ல லோடோட நடு ரோட்டுல உடையும். வெல்டிங்கும் அதே கதைதான். வளைவு கொஞ்சம் குறைக்கணும்னா பட்டறைக்காரர்கிட்ட "அண்ணே, கேஸ் காட்டாம பிரஸ்லயே வெச்சு இறக்குங்க"ன்னு வாய் விட்டுச் சொல்லிடுங்க.

வேலை ஆரம்பிக்கலாம்

ரெண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. முன்கூட்டியே வாங்க வேண்டியது: பட்டையை ஹவுசிங்கோட இறுக்கிப் பிடிக்கிற யூ போல்ட் புதுசா, நட்டோட (பழசு ஒரு தடவை இழுத்து முறுக்கினதுல நீண்டிருக்கும், திரும்பப் போடாதீங்க), பட்டைகளை நடுவுல கோத்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் புதுசு, பட்டை முனையில இருக்கிற ரப்பர் புஷ் தேஞ்சிருந்தா அதுவும். ஜே.சி. ரோட்டுல எல்லாமே கிடைக்கும், பழைய யூ போல்ட் ஒண்ணைக் கையோட கொண்டு போனா அகலம், நீளம், மரை மூணும் சரி பாத்து வாங்கலாம். முந்தின நாள் ராத்திரியே எல்லா நட்டுலயும் டபிள்யூடி-40 அடிச்சு விடுங்க, காலையில பாதி சண்டை குறையும்.

முன் டயர் ரெண்டுக்கும் முன்னாலயும் பின்னாலயும் மரக்கட்டை வெச்சு கியர்ல போடுங்க. வீல் நட்டை தரையில இருக்கும்போதே லூஸ் பண்ணிட்டு, ஹவுசிங் நடுவுல ட்ராலி ஜாக்கி குடுத்துத் தூக்கி, பின் பட்டையோட முன் கண்ணுக்கு (பட்டை முனையில போல்ட் போற வளையம்) கொஞ்சம் முன்னால சேஸிக்கு அடியில ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு வைங்க. செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் வேண்டாம்ங்க, தயவு செஞ்சு. அது சொல்லாம கொள்ளாம நொறுங்கும், கீழ இருக்கிறது உங்க தலை. வண்டி ஸ்டாண்டுல உக்காந்ததும் கையால ஆட்டிப் பாருங்க, ஆடினா மறுபடி வைங்க.

வீலைக் கழட்டினதும் ஷாக் அப்சர்பரோட கீழ் போல்ட்டை எடுங்க. ஹவுசிங்லேர்ந்து சேஸிக்கு ஒரு சின்னக் கம்பி போய் ஒரு வால்வுல சேர்ந்தா அது லோடு சென்சிங் வால்வு, அது இருக்கிற நிலையை பெயிண்ட்ல கோடு போட்டு போட்டோவும் எடுத்துட்டுக் கழட்டுங்க. ஜாக்கி ஹவுசிங்கைத் தாங்கிக்கிட்டே இருக்கட்டும், பட்டை அழுந்தவும் கூடாது, தொங்கவும் கூடாது, அந்த அளவுக்கு ஏத்தி இறக்கி வைங்க.

இப்ப ஒரு பக்கம் மட்டும் யூ போல்ட்டைக் கழட்டுங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணாக் கழட்டினா ஹவுசிங் உருண்டுடும். பட்டை ஹவுசிங்குக்கு மேல உக்காந்திருக்கிற வண்டின்னா ஹவுசிங்கை மெதுவா ஒரு இன்ச் இறக்குங்க, பிரேக் ஹோஸ் இழுபடுதான்னு பாத்துக்கிட்டே. அப்புறம் முன் கண் போல்ட், பின்னால ஷாக்கிள் (பின் கண்ணை சேஸியோட சேர்க்கிற ஆடுற இணைப்பு) பின் ரெண்டையும் எடுத்தா பட்டைக் கட்டு மொத்தமா கையில வந்துடும், நல்ல கனம் இருக்கும், ரெண்டு பேர் பிடிங்க.

கட்டைப் பிரிக்கிறதுலதான் கவனம் வேணும். உள்ள இருக்கிற ஒவ்வொரு பட்டையும் வேற வேற வளைவு, சென்டர் போல்ட்டுதான் எல்லாத்தையும் அழுத்திப் பிடிச்சிருக்கு. அத அப்படியே கழட்டினா பட்டை எகிறி முகத்துல அடிக்கும். சென்டர் போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் சி-கிளாம்ப் போட்டு இறுக்கிட்டு, போல்ட்டை எடுத்து அந்த ஓட்டையில ஒரு நீளமான போல்ட்டை தற்காலிகமா விட்டு நட்டு போடுங்க, பிறகு கிளாம்பையும் நட்டையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணுங்க. பக்கவாட்டுல நில்லுங்க, மேல குனியாதீங்க. ஓரத்துல இருக்கிற க்ளிப்பையும் விரிச்சு எடுத்துடுங்க.

பிரிஞ்சதும் உள்ள செவப்பா துருப்பொடி கொட்டும், அதுக்கு நடுவுல அங்கங்க பளபளன்னு தேஞ்ச தடம் தெரியும், எந்தப் பட்டை எதுல உரசுச்சுன்னு அதுவே காட்டிடும். வயர் பிரஷ்ல தேச்சு சுத்தமா தொடச்சு, சென்டர் ஓட்டையைச் சுத்தி தலைமுடி மாதிரி மெல்லிசா விரிசல் இருக்கான்னு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாருங்க. பட்டை அதிகமா விரிசல் விடுற இடம் அதுதான். இருந்தா அந்தப் பட்டை குப்பைக்கு.

எக்ஸ்ட்ரா பட்டையை வெளிய வெச்சுட்டு மிச்சத்தை நீளம் படிப்படியா குறையுற மாதிரி அடுக்குங்க. நடுவுல இருக்கிற கம்பெனி பட்டை ஒண்ணை உருவிட்டா அந்த இடத்துல படி பெருசாகி பாரம் எல்லாம் மெயின் பட்டையில (கண் இருக்கிற பட்டை) விழும், உடைஞ்சா வண்டி கோணிக்கிட்டு ஓடும். நடுவுல கிராஃபைட் கிரீஸ் தடவி, கிளாம்ப்ல இறுக்கி, புது சென்டர் போல்ட் போட்டு, க்ளிப்பையும் மறக்காம மாட்டுங்க. க்ளிப் இல்லாத கட்டு பள்ளத்துல விழுந்து எழும்போது விரியும்.

மாட்டும்போது சென்டர் போல்ட்டோட தலை ஹவுசிங் பேடு ஓட்டையில சரியா உக்காரணும், இல்லன்னா ஹவுசிங் கோணலா நிக்கும், டயர் தேயும். யூ போல்ட் நாலு காலையும் குறுக்கு மறுக்கா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, நாலுலயும் நட்டுக்கு வெளிய தெரியுற மரை ஒரே அளவா இருக்கணும். கண் போல்ட், ஷாக்கிள் பின் ரெண்டையும் இப்ப முழுசா முறுக்காதீங்க. அடுத்த பக்கமும் முடிச்சு, கழட்டின ஷாக், வால்வு கம்பி, வீல் எல்லாம் மாட்டி, வண்டிய தரையில இறக்கி, எடை டயர் மேல வந்த பிறகு மேனுவல்ல இருக்கிற டார்க் (முறுக்கு அளவு) பிரகாரம் கடைசி முறுக்கு. தொங்கும்போதே முறுக்கினா ரப்பர் புஷ் முறுக்கிக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழியும்.

இறக்கின பிறகு

பிரேக்தான் முதல்ல. அந்த லோடு சென்சிங் வால்வு, வண்டியோட பாடி எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாத்துதான் பின் பிரேக்குக்கு எவ்வளவு பிரஷர்னு முடிவு பண்ணும். எக்ஸ்ட்ரா பட்டை இருந்தப்ப லோடு ஏத்தினாலும் பாடி இறங்காது, வால்வு காலின்னு நெனச்சு பின் பிரேக்கைக் குறைச்சிருக்கும். இப்ப கம்பெனி உயரத்துக்கு வந்ததும் அது சரியாகணும், ஆனா முன்னாடி யாராவது அந்தக் கம்பியை உயரத்துக்கு ஏத்த மாதிரி மாத்தியிருந்தா, இப்ப காலி வண்டிக்கே முழு பிரஷர் போய் ஈர ரோட்டுல பின் வீல் லாக் ஆகி வண்டி சுத்திடும். அதனால பிரேக் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட மேனுவல் அளவுப்படி செட் பண்ணிக்கோங்க, இதுக்கு மட்டும் காசு பாக்காதீங்க.

பின்பக்கம் இறங்கினா மூக்கு தூக்கும், ஹெட்லைட் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும், அதையும் கீழ இறக்குங்க. 40-60ல போகும்போது அடியில அதிர்வு வந்தா ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (பின் வீலுக்கு சக்தி கொண்டு போற தண்டு) கோணம் மாறியிருக்கு இல்ல அதோட கிராஸ் ஜாயிண்ட் தேஞ்சிருக்கு, பாக்காம ஓட்டாதீங்க. ஹேண்ட் பிரேக் கேபிளும் சைலன்சர் குழாயும் எங்கயும் உரசாம இருக்கான்னு ஒரு பார்வை.

காலியா ஓட்டுங்க, அப்புறம் பாதி லோடு, அப்புறம் முழு லோடு. ஒவ்வொரு தடவையும் அந்த பம்ப் ஸ்டாப் இடைவெளியை அளங்க, ரப்பர்ல புதுசா இடிச்ச தடம் இருக்கான்னு பாருங்க. யூ போல்ட் நட்டுல மரையோட சேர்த்து வெள்ளை பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வெச்சா, நட்டு திரும்பியிருந்தா கோடு விலகித் தெரியும். புதுப் பட்டை வேலை முதல் சில லோடுல அமுங்கி உக்காரும், அப்ப நட்டு லூஸ் ஆகத்தான் செய்யும், அதனால முதல் முழு லோடு இறக்கினதும் ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை டார்க் ரெஞ்ச் போட்டு மறுபடி முறுக்கிடுங்க.