ஆறு சில்லு வண்டிக்கு எஞ்சினும் கிளட்சும் மாற்றுவது

நீரிலும் நிலத்திலும் ஓடும் ஆறு சில்லு வண்டி ஒன்று உப்புவெளியில் என் பட்டறைக்கு வந்தது. கடற்காற்றில் போல்ட் எல்லாம் இறுகிக் கிடந்தன. துரு இளக்கும் ஒயிலை முதல் நாளே தெளித்து ஊறவிடுங்கள்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயர், அப்புறம் பெட்ரோல் குழாய், புகைக்குழாய், கேபிள்கள். கழற்றுமுன் போனில் படம் எடுத்து வைத்தால் பூட்டும்போது தலை சொறியத் தேவையில்லை.

பெல்ட்டை எடுத்ததும் கிராங் தண்டிலுள்ள (எஞ்சின் சுழற்றும் தண்டு) கிளட்ச். சுத்தியலால் தட்டவே கூடாது; தண்டு வளைந்துவிடும். (நான் ஒருமுறை தட்டியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.) அந்தக் கிளட்சுக்கு உரிய புல்லர் போல்ட்டை (கிளட்சைத் தண்டிலிருந்து தள்ளிக் கழற்றும் போல்ட்) முறுக்கினால் 'டக்' என்று விடும்.

புது எஞ்சினின் கூம்புத் தண்டையும் கிளட்சின் உட்புறத்தையும் துடைத்துக் காயவிடுங்கள். அங்கே கிரீஸ் பூசாதீர்கள். பெல்ட் ஓடும் இரண்டு கப்பிகளும் (ஒன்று இந்தக் கிளட்ச்) கையேட்டில் சொன்னபடி நிற்கின்றனவா என்று நீண்ட அடிமட்டம் வைத்துப் பாருங்கள். கோணினால் பெல்ட் ஒரு பக்கமாகத் தேயும். கிளட்ச் போல்ட்டை கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பானரால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்குங்கள்.

எஞ்சின் ஒயில் ஊற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட். குளத்தில் இறக்குமுன், வண்டியின் அடியிலுள்ள வடிகால் மூடியைப் பூட்டினீர்களா?