சிப்பிய சுட்டா எவ்வளவு சுண்ணாம்பு? மோல் கணக்கு, அடியில இருந்து

அக்கா மக பிளஸ் ஒன் சேந்து முத பாடத்துலயே மோல்ல மாட்டிக்கிட்டா, மண்டபம் கடற்கரையில உக்கார வச்சு அவளுக்குச் சொன்னத அப்படியே டைப் பண்றேன்.

கருவாட்டுக் கடையில கூனிய யாராச்சும் எண்ணி விப்பாங்களா? நிறுத்துத்தான் போடுவாங்க. அணுவும் அப்படித்தான், எண்ணி மாளாது. ஆனா ரியாக்ஷன்ல ஒண்ணோட ஒண்ணு சேருறது எண்ணிக்கைல, கிராம்ல இல்ல, இந்தச் சிக்கலுக்குத்தான் மோல். டஜன்னா 12, மோல்னா 6.022 × 10²³, அம்புட்டுத்தான்.

முதல்ல ஃபார்முலா எடை, அதாவது ஃபார்முலால இருக்குற அணுவோட எடையெல்லாம் கூட்டுறது. கரையில கெடக்குற சிப்பி, சங்கு எல்லாம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் (CaCO₃), அதுல கால்சியம் ஒண்ணு 40, கார்பன் ஒண்ணு 12, ஆக்சிஜனுக்குக் கீழ சின்னதா 3 இருக்கும் பாருங்க, அதனால 16ஐ மூணு தடவ, 48. மொத்தம் 100. இந்த எண்ண அப்படியே கிராம்ல எடுத்தா அதுதான் ஒரு மோலோட எடை, அப்ப ஒரு மோல் 100 கிராம். (ரவுண்டா வருதுன்னுதான் சிப்பிய எடுத்தேன், வாலிநோக்கத்து உப்ப எடுத்திருந்தா 23 + 35.5, 58.5னு இழுத்துருக்கும்.)

அடுத்து கிராம மோலாக்கணும். 1 கிலோ சிப்பி, 1000 ÷ 100 = 10 மோல்.

இப்பத்தான் சமன்பாடு:
கால்சியம் கார்பனேட் → கால்சியம் ஆக்சைடு + கார்பன் டை ஆக்சைடு

ஒண்ணுக்கு ஒண்ணு ஒண்ணு, அப்ப 10 மோலுக்கு 10 மோல். ஆக்சைடு 40 + 16, 56, அதனால 560 கிராம் சுண்ணாம்பு, மிச்சம் 440 கிராம் காத்தோட போயிரும், காளவாசல்ல போட்டதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் திரும்ப வர்றது இதனாலதான். அத நீத்த, அதாவது தண்ணி ஊத்திப் பொடியாக்க, 10 மோல் தண்ணி, மோலுக்கு 18 கிராம்னு 180 மில்லி, வர்றது 740 கிராம். நெசத்துல சூட்டுல பாதித் தண்ணி ஆவியாயிரும், கூடத்தான் ஊத்தணும், ஆனா நீங்க செஞ்சு பாக்காதீங்க, கண்ணுல தெறிச்சா பார்வையே போயிரும்.

நான் படிக்கிறப்ப வழுக்கினது வேற எடம். சிப்பில ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊத்துற கணக்கு, ஆசிடுக்கு முன்னாடி 2 இருக்கும், நான் பாட்டுக்கு 100 கிராம் சிப்பிக்கு 200 கிராம் ஆசிட்னு எழுதி முட்ட வாங்கினேன். அந்த 2 கிராமுக்கு இல்ல, மோலுக்கு! ஆசிட் ஒரு மோல் 36.5, ரெண்டு மோல் 73 கிராம். (இது சுத்தமான ஆசிடோட எடை, கடையில வாங்குற பாட்டில்ல பாதிக்கு மேல தண்ணி.)

250 கிராம் சிப்பிக்கு எவ்வளவு ஆசிட்னு அவகிட்ட கேட்டேன். 2.5 மோல், 73ஆல பெருக்கி 182.5ன்னா, கரெக்ட். அப்புறம் கையில இருந்த சிப்பியத் தட்டிக்கிட்டே, "மாமா, இதுல ஒட்டிருக்க மணலையும் சேத்தா நிறுக்குறது?"ன்னா. 20 கிராம் மணல்னு வச்சுக்க, மிச்சம் 230தான சிப்பி, திரும்பப் போடுன்னேன். 2.3 மோல், 167.9 கிராம்.