மெல்லிய கார்பன் எஃகுக் கத்தி: தோய்ச்சலுக்குப் பிறகே மெலிய வேண்டும்

சமையலறைக் கத்தி காய்க்குள் தடையின்றி இறங்குவதற்குக் கூர் மட்டும் போதாது. கூருக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெல்லியது என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது. தடித்த அலகை எவ்வளவு தீட்டினாலும் அது கேரட்டை வெட்டாமல் பிளக்கவே செய்யும். ஆனால் அந்த மெலிவைத் தோய்ச்சலுக்கு முன்பே, அதாவது அலகை உலையில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்கி இறுகச் செய்வதற்கு முன்பே கொண்டுவர முயன்றால், சூட்டிலும் எண்ணெயிலும் அலகு கோணிவிடும்.

முதன்முறையாகக் கத்தி செய்பவருக்கு 2 முதல் 2.5 மி.மீ. தடிமனுள்ள, 1084 என்னும் தர எண் கொண்ட எஃகுப் பட்டையே ஏற்றது. ஏறத்தாழ 0.84 சதவீதம் கார்பன் கொண்ட இந்த எஃகு, வெப்பம் சற்று முன்பின் ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். 1095 எஃகை மிக விரைவாகக் குளிர்விக்க வேண்டும் என்பதால், அதற்கென்றே தயாரிக்கப்பட்ட எண்ணெய் தேவைப்படும். பழைய ரம்பத்தையோ வில்பட்டையையோ எடுத்துச் செய்வதில் ஈர்ப்பு இருந்தாலும், அதன் கலவை தெரியாதபோது வெப்பநிலை எல்லாமே ஊகமாகிவிடும்.

வடிவத்தை வரைந்து, ரம்பத்தால் அறுத்து, அரத்தால் சீராக்கிய பின், பிடிக்கான துளைகளை இப்போதே போட்டுவிட வேண்டும். இறுகிய எஃகில் சாதாரணத் துளையூசி இறங்காது. வெட்டும் விளிம்பில் 1 மி.மீ. தடிமனையாவது விட்டுவைக்க வேண்டும். விளிம்பின் குறுக்கே ஓடும் ஆழமான அரக்கீறல்கள் தோய்க்கும்போது விரிசலுக்கு வழிவிடும் என்பதால், அவற்றை உப்புத்தாளால் நீக்கிவிடுவது நல்லது.

தோய்ச்சலை மங்கலான வெளிச்சத்தில் செய்ய வேண்டும். எஃகு ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸை எட்டும்போது காந்தம் அதில் ஒட்டாது. 1084க்கு வேண்டியது அதற்கும் சற்று மேலே, 815 டிகிரியளவு. சிவந்த அலகை உற்றுப் பார்த்தால், அதன்மேல் ஒரு நிழல் மெல்ல ஊர்ந்து சென்று மறைவது தெரியும். எஃகின் உள்ளமைப்பு மாறும்போது அது வெப்பத்தை உறிஞ்சுவதால் தோன்றும் நிழல் அது. காந்தத்தைவிட நான் இந்த நிழலையே அதிகம் நம்புகிறேன். நிழல் முழுவதும் மறைந்து நிறம் சீரானதும், ஏறத்தாழ 55 டிகிரிக்குச் சூடாக்கிய கனோலா எண்ணெயில் அலகை நேர்க்குத்தாக இறக்கி, பக்கவாட்டில் அசைக்காமல் முன்னும் பின்னுமாக மட்டும் நகர்த்த வேண்டும். எண்ணெய் மூடியுள்ள உலோகக் கலத்தில்தான் இருக்க வேண்டும். தீப்பிடித்தால் மூடியைப் போட்டு அணைக்க வேண்டுமே தவிர, தண்ணீர் ஊற்றவே கூடாது.

சுமார் பத்து நொடியில் வெளியே எடுத்து, கைபொறுக்காத சூடு இருக்கும்போதே, தடித்த கையுறையுடன் கோணலை நிமிர்த்திவிடலாம். முழுவதும் ஆறிய பின் அதையே செய்தால் அலகு கண்ணாடிபோல் முறியும். ஆறியதும் அரத்தை வைத்துப் பார்க்கையில், மேலே படிந்த கருக்கு நீங்கிய பிறகு அரம் கடிக்காமல் வழுக்கினால் எஃகு இறுகிவிட்டது என்று பொருள். உடனே 200 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை வைத்து, முறியும் தன்மை குறையுமாறு பதப்படுத்த வேண்டும். அடுப்பின் குமிழ் காட்டும் எண்ணை நம்பாமல், உள்ளே தனி வெப்பமானி ஒன்றை வையுங்கள்.

இனித்தான் உண்மையான வேலை. சாணைப் பட்டையில் வெறுங்கையால் அலகைப் பிடித்து, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒருமுறை தண்ணீரில் முக்கி, இரு பக்கமும் மாறி மாறித் தேய்க்க வேண்டும். தூசியைத் தடுக்கும் முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். விளிம்பு மெலிய மெலியச் சூடு சட்டென்று ஏறும். நீல நிறம் தட்டிவிட்டால் அந்த இடம் பதம் இழந்துவிட்டது, அதைத் தேய்த்து அகற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. எனவே கடைசிக் கட்டத்தை, மரக்கட்டையில் சுற்றிய நனைந்த உப்புத்தாளால் கையாலேயே முடிப்பது பாதுகாப்பானது. தீட்டுவதற்கு முன் விளிம்பின் தடிமன் 0.2 மி.மீ. அளவுக்கு வர வேண்டும். முதுகும் பிடியிலிருந்து நுனி நோக்கிச் சீராக மெலிந்து செல்லட்டும்.

பிடியை எபாக்சி பசையும் ஆணிகளும் கொண்டு பொருத்திய பின், 1000 எண் கல்லில் பக்கத்துக்கு 15 டிகிரி கோணத்தில் தீட்டி, பிசிறை நீக்க வேண்டும். பிறகு விளிம்பை ஒரு பித்தளைக் கம்பிமேல் இலேசாக அழுத்திப் பாருங்கள். வளைந்து மீண்டால் பதம் சரி. சில்லு தெறித்தால் இறுக்கம் மிகுதி, சற்றுக் கூடுதல் வெப்பத்தில் மீண்டும் பதப்படுத்த வேண்டும். வளைந்தபடியே நின்றால் தோய்ச்சல் போதவில்லை, அல்லது விளிம்பு தேவைக்கு மேல் மெலிந்துவிட்டது.

இந்த எஃகு துருப்பிடிக்கும் என்பதால், பயன்படுத்தியவுடன் கழுவித் துடைக்க வேண்டும். நாளடைவில் படியும் நீலச்சாம்பல் படலத்தைத் தேய்த்துப் போக்க வேண்டாம். அது செந்துருவை ஓரளவு தடுக்கும். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் விளிம்பு தடித்த பகுதியை நோக்கி ஏறுவதால், அவ்வப்போது கல்லில் அலகின் பக்கங்களையும் தேய்த்து மெலிவிக்க வேண்டியிருக்கும்.