பட்டை இறாலை இனங்காண்பது எப்படி

பவளப்பாறை இடுக்கில் ஆறு வெள்ளை இழைகளை ஆட்டிக்கொண்டு நிற்கும் சிவப்பு வெள்ளைப் பட்டை இறாலை ஒருமுறை பார்த்தவர் எளிதில் மறக்கமாட்டார். மீன்தொட்டிக் கடைகளில் அதற்கு ‘பாக்சர் ஷ்ரிம்ப்’ என்று பெயர். குத்துச்சண்டைக்காரரைப் போல இரு கைகளையும் விரித்து நிற்பதால் வந்தது. 1811ஆம் ஆண்டில் ஒலிவியே என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் விவரித்த இந்த இனத்தின் இன்றைய அறிவியல் பெயர் ஸ்டெனோபஸ் ஹிஸ்பிடஸ். உடல் ஐந்தாறு சென்டிமீட்டர் நீளமே இருக்கும். நிறம் இவ்வளவு பளிச்சென்று இருப்பதாலேயே பலர் நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லிவிடுகிறார்கள். இதற்கு நெருங்கிய உறவான இனங்களும் சிவப்பும் வெள்ளையும் அணிந்தவை என்பதால் அந்த வழி தவறில் கொண்டு விடும். முதலில் காலைப் பார்க்க வேண்டும், பிறகு நிறத்தை, அதன் பின்னரே பார்த்த இடத்தை.

காலைப் பார்க்கப் பழகுவதற்குக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. சந்தையில் கிடைக்கும் வெள்ளை இறாலையோ பண்ணை வனாமியையோ தலை கிள்ளாமல் வாங்கி வந்து, ஒரு வெள்ளைத் தட்டில் பக்கவாட்டாகக் கிடத்துங்கள். தலையும் மார்பும் ஒன்றாகி ஒரே ஓட்டுக்குள் இருப்பதும், அந்த ஓட்டின் முன்முனை ரம்பப் பல் கொண்ட கொம்பாக நீண்டிருப்பதும், பின்னால் ஆறு கண்டங்களாகிய வயிறு வால்விசிறியில் முடிவதும் தெரியும். ஓட்டுக்குக் கீழே ஐந்து ஜோடி நடைக்கால்கள் இருக்கும். ஓர் ஊசியால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து நுனியைக் கவனித்தால், முன்னுள்ள மூன்று ஜோடிகளின் நுனியில் மட்டும் குறடு போன்ற சிறு இடுக்கி இருக்கும். அந்த மூன்றும் ஏறக்குறைய ஒரே தடிமனாக, ஒல்லியாகவே இருக்கும்.

இதே கணக்கைப் பட்டை இறாலுக்குப் போட்டுப் பாருங்கள். அதற்கும் முன்னுள்ள மூன்று ஜோடிகளில் இடுக்கி உண்டு. ஆனால் மூன்றாவது ஜோடி மட்டும் மற்றவற்றைவிட மிகப் பெரிதாக, உடலையே மிஞ்சும் நீளத்தில் வளர்ந்திருக்கும். நாம் கை என்று நினைப்பது உண்மையில் இந்த மூன்றாம் கால்களைத்தான். இறால் என்று பொதுவாக அழைக்கப்படும் இன்னொரு பெரிய கூட்டத்தில் முதல் இரண்டு ஜோடிகளுக்கு மட்டுமே இடுக்கி இருக்கும். மூன்றாவதில் இருக்கவே இருக்காது. மீன்களின் உடலைச் சுத்தம் செய்யும் மற்றொரு இறாலான லிஸ்மாட்டா அம்போயினென்சிஸ் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. அதற்கும் வெள்ளை உணரிழைகள், சிவப்பு முதுகு எல்லாம் உண்டு. இழைகளை மட்டும் பார்ப்பவர் ஏமாறும் இடம் இதுதான். லிஸ்மாட்டாவின் வெள்ளைக் கோடு முதுகின் நீளவாக்கில் ஓடும். பட்டை இறாலின் பட்டைகள் குறுக்கே சுற்றி வரும்.

வயிற்றுக் கண்டங்களும் துணை செய்யும். லிஸ்மாட்டாவின் கூட்டத்தில் இரண்டாம் கண்டத்தின் பக்கத்தகடு, முன்னும் பின்னும் உள்ள தகடுகள் இரண்டின் மேலும் படிந்திருக்கும். பட்டை இறாலிலும் சமையலறை இறாலிலும் அப்படி இராது. ஆனால் சமையலறை இறால் முட்டையை நேரே கடல்நீரில் விட்டுவிடும். பட்டை இறாலோ தன் முட்டைகளை வயிற்றடியில் நீந்துகால்களில் ஒட்டிச் சுமக்கும். ‘ஹிஸ்பிடஸ்’ என்றால் இலத்தீனில் சொரசொரப்பானது என்று பொருள்; ஓட்டிலும் வயிற்றிலும் பெரிய கால்களிலும் முட்கள் நிறைந்திருப்பதைப் பக்கவாட்டுப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் விளங்கும்.

ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பல்லி வாலை விடுவதுபோல இந்த இறால் பெரிய கால்களைக் கழற்றிவிட்டுத் தப்பும். இழந்த கால் அடுத்தடுத்த சட்டை உரிப்புகளில் மெல்ல வளரும். எனவே ஒரு கை சிறிதாகவோ, இரண்டும் இல்லாமலோ இருக்கும் இறால் வேறு இனம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்; உடலின் முட்களையும் பட்டைகளையும் பாருங்கள். தொட்டியில் வளர்ப்பவர்கள் உரித்துப் போட்ட சட்டையைக் கண்டு இறால் செத்துவிட்டதாகக் கலங்குவதும் வழக்கம்.

இனி நிறம். வெண்மையான, சற்றே ஒளி ஊடுருவும் உடலில் அடர்சிவப்புப் பட்டைகள் தலைமார்பிலும் வயிற்றிலும் குறுக்கே செல்லும். பெரிய கால்களிலும் அதே பட்டைகள் மாறி மாறி வரும். சிலவற்றில் கால்களின் அடிப்பகுதியில் நீலம் தெரியும். முதிர்ந்த பெண்ணின் ஓட்டுக்குள் பச்சை நிறச் சூலகம் வெளியே தெரிவதுண்டு. கடல்நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடுவதால், பத்து மீட்டர் ஆழத்தில் இந்தச் சிவப்பு மங்கிய கரும்பழுப்பாகவே தோன்றும். டார்ச் இல்லாமல் எடுத்த படத்தை வைத்து நிறத்தைக் குறித்துக்கொள்வது வீண் வேலை. ஆல்கஹாலில் இட்ட மாதிரியிலும் சிவப்பு கரைந்து போய்விடும். ஆதலால் நிறக்குறிப்பு உயிருள்ளபோது எடுத்ததாக இருக்க வேண்டும்.

நிறத்தின் உண்மையான பயன், இது ஸ்டெனோபஸ் என்று கால் காட்டிய பிறகு, அந்தப் பேரினத்துக்குள் எந்த இனம் என்று பிரிப்பதில்தான் இருக்கிறது. தலைமார்பின் பக்கங்கள் நீலமாக இருந்தால் அது ஸ்டெனோபஸ் டெனுயிராஸ்ட்ரிஸ். வெள்ளை உடலின் முதுகு நெடுகிலும் அகன்ற சிவப்புப் பட்டை ஓடினால் பிர்சோனோட்டஸ். உடல் பொன்மஞ்சளாக இருந்து, பார்த்த இடம் கரீபியக் கடலாக இருந்தால் ஸ்குட்டெல்லாட்டஸ் என்று எண்ணலாம். உடல் வெள்ளையாக, பட்டைகள் குறுக்காக இருந்தால் மட்டுமே ஹிஸ்பிடஸ்.

இடத்தைப் பொறுத்தவரை இந்த இனத்தின் பரவல் வியப்பூட்டுவது. செங்கடலும் கிழக்கு ஆப்பிரிக்காவும் தொடங்கி இந்தியப் பெருங்கடல் வழியாக ஹவாய் வரையிலும், அட்லாண்டிக்கின் மேற்குக் கரையில் பெர்முடா, புளோரிடா முதல் பிரேசில் வரையிலும் இது காணப்படுகிறது. மன்னார் வளைகுடா, இலட்சத்தீவு, இலங்கைப் பாறைகளிலும் உண்டு. விரலளவு உயிர், பாறையை விட்டு அகலாத உயிர், இவ்வளவு தொலைவு எப்படிப் போயிற்று என்றால், போனது அதன் இளவுயிரி, அதாவது முட்டையிலிருந்து வெளிவந்து நீரில் மிதக்கும் குஞ்சு. தொட்டியில் வளர்த்துப் பார்த்தபோது இளவுயிரிப் பருவம் நான்கு மாதங்களுக்கும் மேல் நீடித்தது. அத்தனை காலம் நீரோட்டத்தில் மிதக்கும் உயிருக்குப் பெருங்கடலின் அகலமும் பெரிய தடையல்ல. ஆகவே பார்த்த இடத்தை வைத்து ஹிஸ்பிடஸ் அல்ல என்று தள்ளுவது அரிது. பரவல் குறுகிய மற்ற இனங்களை விலக்கவே இடம் உதவும்.

நேரில் தேடுவோர் பாறைத் திட்டுகளின் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும்; அங்கே பெரும்பாலும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இவை ஆணும் பெண்ணுமாய் ஜோடியாக வாழ்பவை. ஆகவே ஒன்றைக் கண்டால் அதே பொந்தில் மற்றொன்றையும் தேடுங்கள். பொதுவாகப் பெரியது பெண். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, மூன்றாம் கால் உடலோடு சேரும் இடம் தெரியும்படி ஒரு படமும், முதுகு தெரியும்படி ஒரு படமும் எடுங்கள். மன்னார் வளைகுடாவின் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை. அங்கே எதையும் பிடிக்கக் கூடாது. பிடித்தாலும் பயனில்லை: கையில் மிஞ்சுவது நாம் பார்க்க வேண்டிய அந்தப் பெரிய காலாக மட்டும் இருக்கும், இறால் பொந்துக்குள் போயிருக்கும்.