கேட்டில் நிற்கும் விமானத்தில் புகை வந்தால்

விமானம் கேட்டில்தானே நிற்கிறது, கதவைத் திறந்து இறங்கிவிடலாம் என்றுதான் தோன்றும். சிக்கலே அந்தக் கதவில்தான். அவசரத்தில் கதவைத் திறந்ததும் காற்றடைத்து விரியும் சறுக்குப் பாதைதான் ஸ்லைடு. பயணிகள் ஏறி இறங்கும் நேரத்தில் அதன் இணைப்பைக் கழற்றி வைத்திருப்பார்கள். போயிங் 737-இல் ஸ்லைடின் விளிம்பில் ஓர் உலோகத் தண்டு உண்டு. புறப்படுமுன் அதைத் தரையிலுள்ள கொக்கிகளில் மாட்டி, கதவுச் சன்னலுக்குக் குறுக்கே சிவப்புப் பட்டையைப் போடுவார்கள். பட்டை குறுக்கே இல்லையென்றால் கதவு திறக்கும், ஸ்லைடு விரியாது. கீழே சுமார் 9 அடி ஆழத்தில் கான்கிரீட். அதனால் கதவில் கை வைக்காமல் பணியாளரிடம் விடுங்கள். வெளியே தீயோ உணவு வண்டியோ இருக்கிறதா என்று சன்னல் வழியே பார்த்த பிறகே அவர் திறப்பார். ஏரோபிரிட்ஜ் (முனையத்திலிருந்து விமானக் கதவு வரை நீளும் நடைபாலம்) ஒட்டியிருந்து அந்தப் பக்கம் புகை இல்லையென்றால் அதுதான் நல்ல வழி. ஸ்லைடில் கணுக்கால் பிசகுவது சாதாரணம்.

வந்தது புகைதானா? சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் ஏசி துவாரத்திலிருந்து வெள்ளையாக வருவது பெரும்பாலும் நீராவிப் பனி. வாடை இருக்காது, சட்டென்று கரைந்துவிடும். அழுக்கு சாக்ஸ் நாற்றம் அடித்தால் எஞ்சின் எண்ணெய். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் உடனே பணியாளரை அழையுங்கள்.

தலைக்கு மேலுள்ள பெட்டியிலிருந்து புகை வந்தால் பவர் பேங்க்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ321 விமானத்தில் தீ அப்படிப்பட்ட பெட்டியில்தான் தொடங்கியது. 176 பேரும் தப்பினார்கள், விமானத்தின் கூரை எரிந்துபோனது. விமானத்தில் இருக்கும் ஹாலான் வாயுத் தீயணைப்பான் சுவாலையை அடக்கும், பேட்டரியின் சூட்டை இறக்காது. அணைந்ததும் தண்ணீரோ மது கலக்காத வேறு பானமோ தொடர்ந்து ஊற்ற வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது, சூடு உள்ளேயே தங்கிவிடும். பெட்டியை நீங்கள் திறந்து பார்க்காதீர்கள். காற்று கிடைத்தால் தீ எகிறும்.

வெளியேறச் சொன்னதும் பெல்ட்டின் மேல்தகட்டைத் தூக்குங்கள். பதற்றத்தில் பலர் காரில் போலப் பொத்தானைத் தேடுவார்கள். ஏறும்போதே கதவு வரை எத்தனை வரிசை என்று எண்ணி வைத்திருந்தால், புகையில் குனிந்தபடி இருக்கைகளைத் தடவியே போய்விடலாம். பையை எடுக்காதீர்கள். பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 நொடியில் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபித்தால்தான் விமானத்துக்குச் சான்று கிடைக்கும்; அந்தக் கணக்கில் பெட்டி இழுப்பவர்கள் இல்லை. ஹை ஹீல்ஸைக் கழற்றிவிடுங்கள். ஸ்லைடில் உட்கார்ந்து இறங்காமல் குதித்தே இறங்குங்கள்.

இறக்கை மேலுள்ள அவசர வாசலின் கதவு ஏர்பஸ் ஏ320-இல் சுமார் 15 கிலோ. அது முழுதாகக் கழன்று வரும், வெளியே வீசிவிட வேண்டும். 737-800-இல் தானே மேலே மடங்கிக்கொள்ளும். 737-800-இன் இறக்கையில் ஸ்லைடு கிடையாது, இறக்கையின் பின்விளிம்பு வழியாகச் சறுக்கி இறங்க வேண்டும்.

கீழே வந்ததும் எஞ்சினையும் எரிபொருள் லாரியையும் விட்டு விலகி, காற்று வரும் திசையில் தள்ளிப்போய் எல்லோரும் ஒரே இடத்தில் நில்லுங்கள். தலை எண்ணுவார்கள்.