செட்டிநாட்டுத் தெருவைக் காக்க இறங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

காரைக்குடிப் பக்கம் எங்கே பழைய வீட்டை இடித்தாலும் இப்போது நாலு இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்துவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் ஆடிய அதே கூத்தை அவர்களும் ஆடுவதைப் பார்க்கும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. ஜேசிபி வந்து நின்ற பிறகு ஓடுவது மாதிரியான தவறுகளை விட்டுவிடுகிறேன். ஒரு முறை பட்டால் தானாகத் தெரிந்துவிடும்.

வீட்டைப் பார்த்து ரோட்டை மறப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஒரு தெருமுனையில் மூன்று மாடி வணிக வளாகம் வருகிறதென்று தட்டி பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அதே வாரம், அதே தெருவில், ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய ரோட்டின் மேலேயே புதுத் தாரைக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. "ரோடு போட்டா நல்லதுதானே அண்ணே?" என்று ஒரு தம்பி என்னிடமே கேட்டார்.

இந்த வீடுகளை இவ்வளவு உயரத்தில் கட்டியது வெறும் பகட்டுக்கு அல்ல. ஓட்டுக்கூரையில் விழும் மழை வளவுக்குள், அதாவது வீட்டு நடுமுற்றத்துக்குள் இறங்கி, தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும்படி மட்டம் பார்த்து அமைத்த ஊர்கள் இவை. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு ஓரிரு அங்குலம் ஏறும். நாலைந்து தடவை போட்டால் வாசலில் ஒரு படி காணாமல் போகும். அந்தத் தெருவில் ஒரு வீட்டு ஆச்சி திண்ணையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தவர். இப்போது காலை மடக்கித்தான் உட்கார வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டில் ஐப்பசி மழைக்கு வளவுத் தண்ணீர் வெளியே போக வழியில்லை. தெருத் தண்ணீரும் உள்ளே வந்து சேர்ந்தது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று, சுவர் அடியிலிருந்து ஊறத் தொடங்கியது. சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கும் பங்காளிகள் போனிலேயே பேசி முடித்தார்கள். தேக்குத் தூண்கள் பழம்பொருள் கடைக்குப் போயின, மனை கைமாறியது. அங்கேயும் வணிக வளாகம்தான் வரப்போகிறது. இனி தட்டி பிடித்து என்ன செய்ய?

பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021-லேயே தலைமைச் செயலாளரின் உத்தரவு இருக்கிறது. அதன் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். வேலை தொடங்கும் முன்பே ஒவ்வொரு வாசல்படியிலும் டேப் வைத்து, அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். எஸ்டிமேட்டில் மில்லிங் (பழைய தாரைச் சுரண்டும் வேலை) இருக்கிறதா என்று ஆர்டிஐ போட்டுக் கேளுங்கள். இருந்தும் செய்யவில்லை என்றால், பில் பாஸாவதற்குள் புகார் போய்ச் சேர வேண்டும். பணம் கைக்கு வந்துவிட்டால் கான்ட்ராக்டர் உங்கள் போனைக்கூட எடுக்க மாட்டார்.

கடைக்காரரைப் பகைத்துக்கொள்வது

கடல் கடந்து கொண்டுவிற்கப் போனவர்கள் அனுப்பிய காசில் எழுந்த ஊர் இது. இங்கே நின்றுகொண்டு வியாபாரமே வேண்டாம் என்றால் சிரிப்பார்கள். முகப்பில் கை வைக்காமல், உள்ளே கண்டாங்கிச் சேலையோ பலகாரமோ விற்கிறவர் அந்த வீட்டுக்கு ஓடு மாற்றக் காசு சம்பாதிக்கிறார். அவரிடம் போய்ச் சாமான் வாங்குங்கள். சண்டை போட வேண்டியது முகப்பை மூடி அலுமினியத் தகடு அடிப்பவரிடம்.

யுனெஸ்கோ பார்த்துக்கொள்ளும் என்று இருப்பது

2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில்தான். அதைக் காட்டி ஒரு செங்கல்லைக்கூடக் காப்பாற்ற முடியாது.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட்

பூசாதீர்கள்.

மாஸ்டர் பிளான் வரைவைப் படிக்காதது

எந்தத் தெரு குடியிருப்பு, எது வணிகம் என்பது அந்த வரைபடத்தில் முடிவாகிவிடும். 1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவு வந்த பிறகு ஆட்சேபணை சொல்லக் குறைந்தது 2 மாதம் தர வேண்டும். 'எங்கள் பாரம்பரியம், எங்கள் பெருமை' என்று நாலு பக்கம் எழுதினால் ஓரமாக வைத்துவிடுவார்கள். தெருப் பெயர், சர்வே எண் போட்டு, இந்த இடம் குடியிருப்பாகவே இருக்க வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கும்போது வெளியூரில் இருக்கும் பங்காளிகளையும் விடாதீர்கள். அவர்களில் ஒருத்தர் விற்கிற எண்ணத்தில் இருந்தால், அது அப்போதே தெரிந்துவிடும்.